முப்பது ரூபாய்

பாடப்புத்தகம் சொல்கிறது:
கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது,
பிறர் எளிதில் ஊகிக்கும்படி இருக்கக் கூடாது,
யாரிடமும் சொல்லக் கூடாது.
எட்டாம் வகுப்பு பி பிரிவு
மூன்றையும் அழகாக எழுதி அடிக்கோடு போட்டது.

சரி, உங்கள் வீட்டு போனில் என்ன கடவுச்சொல் என்றேன்.
அத்தனை கையும் மேலே போயிற்று.
ஆரோக்கிய ஜோதி, என்றான் ஷைபின்,
எல்லாம் சின்ன எழுத்து டீச்சர், இடையில எடம் விடப்பிடாது.
அவர்கள் வீட்டு விசைப்படகின் பெயர் அது.
தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில்
இரண்டடி உயரத்தில், மஞ்சள் பெயிண்டில்,
ஊரே வாசிக்கலாம்.

புத்தகத்தை மூடினேன்.
தூத்தூர்ப் பள்ளியில் கணினி பதினொன்று.
உப்புக்காற்று தின்றது போக ஓடுவது நான்கு,
கரண்டு இருந்தால்.
அன்று இல்லை.
கதைக்குக் கரண்டு வேண்டாம்.

ஒரு ஊரில் ஒரு பெண், என்றேன்.
எந்த ஊரு?
அருமனைப் பக்கம். சுற்றிலும் ரப்பர் தோட்டம்.
(அருமனையில் எனக்கு யாரும் இல்லை.)
அவளுக்கு ஒரு போன் வந்தது, பேங்கிலிருந்து.
கள்ளன்! என்றது முன்வரிசை.
பொறுங்கள்.
கள்ளன் கள்ளன் குரலில் பேசமாட்டான்.
இவன் அவள் பெயரை இனிஷியலோடு சொன்னான்.
சாப்பிட்டீங்களா மேடம் என்றான்.
உங்கள் கணக்கில் யாரோ கை வைக்கிறார்கள்,
நான் தடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றான்.
அவன் எதையும் கேட்கவில்லை பிள்ளைகளே,
உதவி செய்தான்.
ஆறு எண் வரும், வாசித்தால் போதும்,
பணத்தைப் பூட்டிவிடலாம்.

வாசிக்காதே எக்கா, என்றாள் பெனிஷா,
கதைக்குள் நின்றவளைப் பார்த்து.

வாசித்தாள்.
பஸ் இரைச்சலில் அவனுக்குக் கேட்காமல் போக
இரண்டாம் முறை
சத்தமாக வாசித்தாள்.
நாற்பத்தோராயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய்.

எந்த இடத்தில் அவள் நின்றிருக்கலாம்?
பேரு சொன்னப்பளே, என்றான் ஒருவன்.
பேரு ரேசன் கார்டுலயும் கெடக்கு, என்றான் இன்னொருவன்.
சாப்பிட்டீங்களான்னு கேட்டப்ப,
பேங்குல ஆரும் அப்பிடிக் கேக்கமாட்டாவ.
வகுப்பே சிரித்தது. நானும்.

கடைசி பெஞ்சில் ஜோஸ்னி மட்டும் சிரிக்கவில்லை.
டீச்சர், கதையில கள்ளன் லெட்சம் கொண்டுபோவான்,
இல்லெங்கி ஆயிரம்.
அந்த முப்பது ரூவாய ஆரு எண்ணி வச்சிருப்பாவ?

ஊரை மாற்றினேன், ரப்பர் மரம் நட்டேன்,
சொல்லும்போதே அவளுக்கு வேறு முகம் வைத்தேன்.
எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு
சாவியை நானே வெளியே எறிந்திருக்கிறேன்,
மூன்று பத்து ரூபாய்த் தாளாக.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
ஷைபின் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு சொன்னான்:
எங்க அம்மெக்கும் வந்தது.
கொச்சிக்கு மேக்க கப்பல் முட்டிச்சுன்னு.
அப்பாக்க சத்தம் மாதிரியே.
வளையல வச்சு இருபதாயிரம் போட்டா.
அப்பா கரைக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு,
இன்னும் சொல்லேல்ல.
பிறகு, நிமிர்ந்து:
நீங்களும் சொல்லிராதீங்க.

மணி அடித்தும் எழுந்திருக்காத வகுப்பை
அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுப்பாடம் கொடுத்தேன்.
கடலுக்குப் போகிறவரும் வீட்டில் இருப்பவரும்
கூடியிருந்து ஒரு சொல் எடுங்கள்.
படகு பெயர் வேண்டாம், பிறந்த நாள் வேண்டாம்,
மாதா பெயரும் வேண்டாம்.
குரல் யாருடையதாக இருந்தாலும்
அந்தச் சொல் வராமல் பைசா போகக் கூடாது.

அன்று இரவு என் வீட்டுக்காரரிடம் ஒரு கதை சொன்னேன்,
அருமனை இல்லாமல்.
அவர் நெடுநேரம் விசிறியைப் பார்த்தார்.
அந்தக் கிளைக்கு எப்போது போகலாம் என்றார்.

புதன்கிழமை இருபத்தொன்பது தாள் வந்தது,
நாலாய் மடித்து, சிலது பசை ஒட்டி.
பிரிக்காமலே பத்துக்குப் பத்து போட்டுத்
திருப்பிக் கொடுத்தேன்.
வாசிக்காமல் எப்படி மார்க் என்று
தலைமையாசிரியை கேட்டிருக்கிறார்,
எழுதிக் கொடுக்க வேண்டும்.

பஸ் நிறுத்தத்துக்கு ஓடிவந்தான் ஷைபின்.
எங்க சொல்லு ரொம்ப நல்ல சொல்லு டீச்சர்,
ஒருக்கா கேளுங்க,
உங்ககிட்ட மட்டும்.

இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.
குடை கீழே விழுந்தது.
நித்திரவிளை பஸ்
எங்கள் இருவரையும் பார்த்து ஹாரன் அடித்தது.