பதிமூன்றாம் வளைவு

நூறிலிருந்து பின்னால எண்ணுங்க என்றார்
டாக்டர் நஸ்ரீன்.
நூறு எனக்கெதற்கு?
நான் அறிந்த இறக்கம் இருபதுதான்.
ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை
இருபது கொண்டை ஊசி,
பதினேழு வருடம், நாளுக்கு மூன்று நடை.

டிப்போ குழியில் வழுக்கி
வலத்தோள் கழன்று தொங்கியது.
இடக்கையில் பால்போல் ஒரு மருந்து
சில்லென்று ஏறியது.
இருபது என்றேன், சில்வர் ஓக் நிழல்.
பத்தொன்பது, இரண்டாவது கியர்.
பதினாறில் குரங்குகள்.
பதினான்கில் ஹாரன் அடித்தேன்,
அடித்ததாக ஞாபகம்.

பதிமூன்று இல்லை.

அடுத்தது மின்விசிறி.
பக்கத்துக் கட்டிலில் யாரோ
தட்டுவடை செட் கடிக்கிற சத்தம்.

பனி எனக்குப் புதிதல்ல.
முன்கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மார்கழியில்
ஐம்பது பேரைக் கீழே சேர்த்திருக்கிறேன்.
பனிக்குள் போனால் போனது தெரியும்.
தூக்கத்துக்குக்கூட ஒரு நீளம் உண்டு.
இது வெட்டி ஒட்டிய சாலை,
ஒட்டு எங்கே என்று விரலுக்கும் தட்டவில்லை.

ஊசியைக் கழற்றியபடி சிரித்தாள் ஆரோக்கியம்:
"என்னா சத்தம்ணே!
தோளைத் திருப்பி உள்ளே தள்ளுறப்ப
நிறுத்து, ஆளு இருக்கு, ஆளு இருக்குன்னீங்க.
கண்ணு தெறந்துதான் இருந்துச்சு."

வலித்ததா என்று கேட்ட தாளில்
இல்லை என்று
அப்போதுதான் டிக் போட்டிருந்தேன்.
பொய்யில்லை அது.

"மூளைக்குள்ள எழுதுற கை ஒண்ணு இருக்குங்க,
அது மொதல்ல தூங்கிடும்" என்றார் டாக்டர்.
அப்போ வலிச்சவன்?
அவர் வெகுநேரம் கை கழுவினார்.

நாலு நிமிடம் இருந்திருக்கிறான்.
என் தோளில், என் வாயோடு.
வலி மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு
டிக்கெட் கேட்காமல்
நிறுத்தமே இல்லாத இடத்தில்
இறங்கிப் போயிருக்கிறான்.
அவனுக்கு வீடு எது?
எனக்கு அவனைத் தெரியாது.
அவனுக்கு என்னைத் தெரிந்திருக்கும்,
இருபது, பத்தொன்பது என்று
எண்ணியவனை.

ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்டியரிங்.
பதிமூன்றில், நான் நினைக்கும் முன்பே
வலத்தோள் ஒருமுறை சுருங்கி ஒதுங்கியது.
கால் தானாக பிரேக்கில்.
காப்பிச் செடிகளின் ஈரம், காலியான திருப்பம்,
பின்னால் ஒரு லாரி திட்டியது.

ஏறியாச்சா? என்று கேட்டேன்.
கண்டக்டர் குப்புராஜ்
ரோட்டைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
விசிலை வாயில் வைத்தபடியே
நின்றான்.