லி

எஸ்தோனியாவின் வோரு நகரத்துக் கொதிகலன் கூடம்.
தொண்ணூற்றாறு ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே உர்வே கல்லஸ்தே
ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு
இருபத்துநான்கு பிளாப்பிகளோடு உட்கார்ந்திருக்கிறாள்.

ஃபின்லாந்துக்காரர்கள் கழித்துக்கட்டிய கணினி.
ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் பெயர்ச்சீட்டு
முதுகில் பாதி கிழிந்திருக்கிறது.
வட்டு பெரிது. விசைப்பலகை மோசம்:
எல் விசையை அழுத்தினால் எழுந்திருக்காது.

லினக்ஸுக்குக் காசு கிடையாது.
தார்த்துப் பல்கலைக்கழகத்தில் தாவெத் என்றொரு பையன்,
வெற்றுப் பிளாப்பி கொண்டுபோகிற எவருக்கும்
நகலெடுத்துத் தருவான்.
நன்றி சொன்னால் காதில் விழாதவன்போல் இருப்பான்.

பதினேழாவது படிக்கவில்லை.
உருவிச் செருகினாள். மறுபடி உருவினாள்.
தொண்டையில் முள் சிக்கிய சத்தம்.
போக அறுபத்தைந்து கிலோமீட்டர், வர அறுபத்தைந்து,
ஒற்றைப் பிளாப்பிக்காகச் சனிக்கிழமைப் பேருந்து.
திரும்பும்போது அதைக் கோட்டுக்குள்ளே
சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்,
குளிரில் எழுத்து செத்துவிடுமோ என்று.
சாகாது. அவளுக்கும் தெரியும்.

ஞாயிறு இரவு எல்லாம் இறங்கின.
முடிந்தது, அணைத்து எழுப்பு என்றது திரை.
எழுப்பினாள்.

கறுப்பில் ஓர் எல். பக்கத்தில் ஓர் ஐ.
அவ்வளவுதான்.

தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.
ல் என்று மெய் வந்தது. இ என்று உயிர் வந்தது.
கூடி, லி என்று நின்றுவிட்டது.
முன்னால் எதையாவது வைத்தால்தான் அதற்குப் பொருள்:
எலி. கூலி. வலி.
உர்வேக்குத் தமிழ் தெரியாது.
அவளுக்கு அது,
லிலோ என்று தன் பெயரைச் சொல்ல வாயெடுத்து
நடுவில் அடைத்துப்போன ஒருவன்.

கையேட்டு நகலில், பொடி எழுத்தில், காரணம் இருந்தது.
ஆயிரத்து இருபத்துநான்காம் உருளைக்கு அப்பால்
பயாஸுக்குக் கண் தெரியாது.
கர்னலோ அதற்கும் அப்பால் குந்தியிருந்தது.
கூப்பிடு தொலைவில் இல்லாதவனை
வாசலில் நின்று எத்தனை நேரம் கூப்பிடுவது?

முன்வரிசையில் இடம் வேண்டும். ஐந்து மெகாபைட் போதும்.
முன்வரிசை முழுக்க டாஸ்.
டாஸில் ஹெல்துரின் டெட்ரிஸ்.

கேட்காமலே அழித்திருக்கலாம்.
மணி மூன்று, அவன் கீழே சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தான்.
போய்க் கேட்டாள்.

மண்வெட்டியைச் சாய்த்தான். கை துடைத்தான்.
வந்து திரையைப் பார்த்தான்.
"இது ஓடினால் எனக்கென்ன?"
"வெப்பநிலையைத் தானே குறித்துக்கொள்ளும்.
மணிக்கொருதரம் நீ ஏணி ஏற வேண்டாம்."
"ஏணி பழகிவிட்டது."
"ஆட்டத்தைப் பிளாப்பியில் எடுத்துவைக்கட்டுமா?"
"வைத்து? எதில் போட்டு ஆடுவது?"

வெகுநேரம் பேசவில்லை.
பிறகு சாக்கட்டி தேடி எடுத்து
மூன்றாம் கொதிகலனின் இரும்புக் கதவில்
41,870 என்று எழுதினான்,
அக்டோபரிலிருந்து சேர்த்தது.
அடியில் கையெழுத்தும் போட்டான்.
"இப்போது அழி."

பூட் பிளாப்பியால் எழுப்பி, டாஸை வழித்து,
கர்னலை முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்து,
ஒரு வரியில் எழுத்துப்பிழை,
அதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம்.
ஐந்தே முக்காலுக்கு

எல், ஐ,
(அவள் மூச்சு விடவில்லை)
எல், ஓ.

புள்ளிகள் ஓடின. வரிகள் மளமளவென்று ஏறின.
கடைசியில் கட்டமாய் ஒரு கண் சிமிட்டல்:
பெயர் கேட்டது.

"ஹெல்துர், உன்னைத்தான் கேட்கிறது."

கரி படிந்த ஒற்றை விரலால் தட்டினான்.
நடுவில் எல் விசை ஒட்டிக்கொண்டது.
ஹெல்ல்ல்ல்ல்துர்.
அப்படி ஒருவரைத் தெரியாது என்றது திரை.

"சரியாகத்தான் சொல்கிறது," என்று சிரித்தான்.
மணி ஆறு.
ஏணி ஏறப் போனான்.