நன்றி என்றால் போதும்

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
நகராட்சி ஆட்கள் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும்.
வெட்கம் கிடையாது.
வங்கி மேலாளர் பிடிப்பார், குடிகாரன் பிடிப்பான்,
ஒரு தடவை ஆயர் பிடித்ததையும் பார்த்தேன்,
தொப்பி பறந்துபோன தலையோடு.

நான் பிடிக்கவில்லை.
இரண்டு கையிலும் லாசரோ இருந்தான்.
பிறந்து ஏழு வாரம்.

வீட்டில் ஐந்து கத்திகள்.
ரொட்டிக்கு ஒன்று, மீனுக்கு இரண்டு,
மற்ற இரண்டும் எதற்கென்று யாருக்கும் தெரியாது.
ஐந்தையும் துண்டில் சுற்றி
அலமாரி உச்சியில் தள்ளினேன்,
என் கைக்கே எட்டாதபடி.
ரொட்டியை எதால் வெட்டுவது என்றான் ரெனே.
பிய்த்துத் தின் என்றேன்.
ஒரு மாதம் பிய்த்தே தின்றோம்.
காரணம் அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?
பிள்ளையை நான் ஏதும் செய்துவிடும் ஒரு படம்
பால் கொடுக்கும்போதெல்லாம் வந்து நிற்கிறது,
நான் கூப்பிடாமலே, கதவைத் தட்டாமலே.
இதை எந்த வாயால் சொல்வது,
அவனை முத்தமிடும் இதே வாயாலா?

மருத்துவச்சி ஒரு தாள் நீட்டினாள்.
எல்லாக் கட்டத்திலும்
நல்ல பெண்ணின் பதிலைக் குறித்தேன்.
பள்ளியிலிருந்தே வந்த பழக்கம்.
அவள் தாளைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள்.
ஒரு காலில் பழுப்பு, மற்றதில் கறுப்பு.
செவ்வாய், நான்கு மணி, தீயணைப்பு நிலையத்து மாடி
என்று தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

மாடியில் ஆறு பேர். ஒரு கெண்டி.
குழந்தையின் எடையை யாரும் கேட்கவில்லை.
தாய்மை வரம் என்று யாரும் தொடங்கவில்லை.
நண்டு ஆலையில் வேலை செய்யும் நெவென்கா
கீறல் விழுந்த விரல்களால் மாத்தே ஊற்றினாள்.
ஒரே குடுவை, ஒரே குழல், கைமாறிக் கைமாறி.
கசப்பு.

என்னுடையது ஜன்னல், என்றாள் அவள்.
நான்காம் மாடி. ஆறு மாதம் திரையை விலக்கவில்லை.
செடியெல்லாம் செத்தது.
எனக்குக் குளியல் தொட்டி, என்றாள் வாலெஸ்கா.
பிள்ளைக்கு நாற்றமே அடித்தது, போ.
இன்னொருத்திக்குப் படிக்கட்டு.
இன்னொருத்திக்கு எதுவுமில்லை, வெறும் சாம்பல் நிறம்,
காலையிலிருந்து காலைவரை.
விறகு விலை சொல்வதுபோலச் சொன்னார்கள்.

கத்தி, என்றேன்.
ஐந்து.

நெவென்கா யோசித்தாள்.
ஐந்தா? எங்கள் வீட்டில் ஒன்றுதான், அதுவும் மொட்டை,
என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரிப்பு பாதியில் வேறொன்றாகி
மூக்கிலும் கண்ணிலும் கொட்டியது.
லாசரோவை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.
வெறுங்கை எப்படியிருக்கும் என்று
எனக்கு மறந்தே போயிருந்தது.

அதெல்லாம் தீர்ந்துவிடவில்லை.
புதன்கிழமை மறுபடி வந்தது அந்தப் படம்.
வியாழன் மருத்துவரிடம் போனோம்.
வெளி பெஞ்சில் நெவென்கா
ஆலைக் காலணியோடு தூங்கிவிட்டாள்.
மாத்திரை முதலில் குமட்டியது.
ரெனேயிடம் சொல்ல
இன்னும் மூன்று செவ்வாய் ஆனது.
அவன் நாற்காலி போட்டு ஏறி
ரொட்டிக் கத்தியை மட்டும் இறக்கினான்.
மற்றவை இருக்கட்டும் என்றான்.

இப்போது லாசரோவுக்குப் பல் நான்கு.
இன்று கெண்டி என் கையில்.
புதிதாக ஒருத்தி, ஓரியெத்தா,
எட்டு மாத வயிறு, காற்றில் கலைந்த தலை,
கதவருகே நாற்காலி.
நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள்,
யாரும் கேட்குமுன்.
ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.
குடுவையைத் திருப்பி நீட்டி
நன்றி என்றாள்.

எங்கள் ஊரில் மாத்தேக்கு நன்றி சொன்னால்
போதும், இனி வேண்டாம் என்று பொருள்.
அது அவளுக்கும் தெரியும்.

வெளியே கயிறு அதிர்ந்துகொண்டிருந்தது.
காதில் விழாதவள்போல்
மறுபடி ஊற்றினேன்.
வாங்கிக்கொண்டாள்.