ரெண்டேகால் இன்ச்

சிறுநீரகக் கல்லைத் தேடிப் போன ஸ்கேன்
கல்லை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னது.
ஐந்து புள்ளி எட்டு சென்டிமீட்டர் என்றார் டாக்டர் பினு.
மனசுக்குள் இன்ச்சாக்கிப் பார்த்தேன்.
முக்கால் இன்ச் குழாய்
ரெண்டேகால் இன்ச்சாக ஊதியிருக்கிறது.
குடியாத்தத்தில் எந்தப் பிளம்பரும்
அதில் இன்னொரு நாள் தண்ணீர் விடமாட்டான்.

என் தொழில் போர்.
யுத்தமில்லை,
எண்ணூறு அடி, ஆயிரம் அடி.
பாலாறு மணலான பிறகு
பாறைத்தூளைத் தின்று இருபத்தாறு வருஷம்.
சரிகிற மண் வந்தால் கேசிங் இறக்குவோம்.
குழிக்குள் ஒரு குழாய்.
சரிவதென்றால் அதன்மேல் சரியட்டும்.

"அதேதான் செய்யப்போறோம்," என்றார் டாக்டர்.
"வயித்தைக் கிழிக்க வேண்டாம்.
தொடையிடுக்குல ரெண்டு ஓட்டை,
அது வழியா கேசிங்."
அவருக்கு என் வார்த்தை பிடித்துப்போனது.

பவுனு கேட்டாள்,
"அப்ப பழைய குழாயை எடுத்துருவாங்களா?"
எடுக்கமாட்டார்கள்.
புதுசுக்கு வெளியே
அது பாட்டுக்குக் கிடக்கும்.
"என்னா துணி அது?"
பாலியெஸ்டர்.
"நம்மூர் தறியில இல்லாத துணியா?
இதுக்கா ஒரு லாரி விலை?"

மே மாதத்து வேலூரில்
எனக்குப் பல் கிட்டிப்போன ஒரே இடம் அந்த அறை.
முதுகில் ஊசி போட்டபின்
இடுப்புக்குக் கீழே ஆள் இல்லை.
ஈயக் கோட்டு போட்டவர்கள் சுற்றி நின்றார்கள்.
மூச்சை அடக்குங்க.
மருந்து வெதுவெதுப்பாகப் பரவியது.
விடுங்க.
திரையில் என் ரத்தம்
கறுப்பாக ஓர் ஏரியில் விழுந்து சுற்றியது.

உடம்புச் சூடு பட்டால்
தன் அளவு ஞாபகம் வருகிற கம்பியாம்.
உறையை இழுக்க இழுக்க
பொத்திய கை போல் திறந்துகொண்டது.
ஆனால் ஒரு கால் மட்டும் தைத்த பேண்ட்.
மறுகாலுக்கு வாசல்தான் இருக்கிறது.
அந்த வாசலை
இன்னொரு தொடை வழியே ஒரு வயர் விட்டுத்
தேடிப் பிடிக்கவேண்டும்.

பத்து நிமிஷம்.
இருபது.
வயர் வாசலைத் தாண்டித் தாண்டிப் போனது.
"வேற வயர் கொடுங்க, வளைஞ்சது."

பனமடங்கியில் அறுநூற்று இருபது அடியில்
ஒரு மோட்டார் கழன்று விழுந்தது.
இரண்டு நாள் கொக்கி போட்டோம்.
தட்டும், வழுக்கும், தட்டும்.
மூன்றாம் நாள் கல்லைப் போட்டு மூடிவிட்டு
பாதிப் பணம் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.
அந்த வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை.
எங்களுக்குப் போட்ட டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தைந்தாவது நிமிஷம்
"கிட்டி" என்றார் டாக்டர், மலையாளத்தில்.
எனக்கும் அது புரிகிற வார்த்தைதான்.

பக்கத்துக் கட்டிலில் பர்த்வானிலிருந்து வந்தவர்
நெஞ்சிலிருந்து தொப்புள்வரை தையல் காட்டினார்.
நான் இரண்டு பிளாஸ்திரி காட்டினேன்.
அவர் நம்பவில்லை.
சட்டையை இன்னும் தூக்கச் சொன்னார்.

ஒரு மாசம் கழித்து மறுபடி ஸ்கேன்.
முதுகுப்பக்கக் கிளை ஒன்றிலிருந்து
பழைய பைக்குள் கொஞ்சம் கசிகிறதாம்.
தானாக நிற்கலாம்,
நிற்காமலும் போகலாம்.
ஆறு மாசம் பார்ப்போம் என்றார்.
பார்ப்போம் என்றேன்.
கேசிங் ஜாயின்ட்டில் கசிவு
எனக்குத் தெரியாததா?

திரும்பும் பஸ் லத்தேரி கூட்ரோட்டில் நின்றது.
பனமடங்கிக்கு அங்கேதான் பிரியும்.
எழுந்து நின்றேன்.
"இங்க எதுக்கு?" என்றாள் பவுனு,
இரண்டு டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு.