இருபத்து நான்காவது

சம்மாந்துறைக் கமநல நிலையத்தின் மாடி.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும்.
ரிப்கான் கட்டாருக்குப் போகுமுன்
அதே ஐந்து வரிகளை
இருபத்து மூன்று வினவல்களில் ஒட்டிவிட்டுப் போயிருந்தான்:
பெரும்போகம், பதிவு செல்லுபடி, விவசாயி உயிரோடு.

வெட்டி எடுத்தேன். ஒரே துண்டு.
அதற்கொரு பெயர்.
மற்ற இடமெல்லாம் அந்தப் பெயரும்
"இங்கே சேர்" என்ற ஒரு சொல்லும்.

உடனே பிழை.
ஒரே அட்டவணைக்கு இங்கே எஃப் என்று பெயர்,
அங்கே ஃபாம், இன்னோரிடத்தில் டி வன்.
நானும் வீட்டில் ராத்தா, இங்கே மிஸ்,
வங்கியில் வெறும் இலக்கம்.
துண்டுக்குள் ஓர் ஓட்டை விட்டேன்,
கூப்பிடுகிறவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ள.

ஓடியது.
அஸர் பாங்கு கேட்கும்போது
நூற்றுப் பதினைந்து வரிகள் குறைந்திருந்தன கோப்பில்.
யாரிடம் சொல்வது? தேநீர் குடித்தேன்.

புதன்கிழமை சல்ஹா உம்மா வந்தார், கடிதத்தோடு.
உர மானியம்.
பெறுநர்: மீராலெவ்வை ஆதம்லெவ்வை, மல்கம்பிட்டி.
மௌத்தாகி இரண்டு போகம்.

தேடினேன்.
இருபத்து நான்காவது ஒன்று இருந்தது,
முழுக்கப் பெரிய எழுத்தில், என் தேடலுக்குத் தப்பி.
"உயிரோடு" என்ற வரி வருமுன்னே
பிரிந்துபோன நகல்.
அதற்குள் யாரும் மௌத்தாகவில்லை.

"மன்னிச்சுக்கங்க உம்மா, இப்பவே திருத்திடுறன்."
"திருத்துங்க மகள்."
கடிதத்தைக் கேட்டுக் கை நீட்டினேன்.
அவர் அதை நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.
"பேர மட்டும் சரியா அடிச்சிரிக்கிங்க."