திங்கள், புதன், சனி

ஐஸ் ஆலையில் கணக்கை மூடிவிட்டு
மண்டபம் கோயில் ஹாலுக்கு வருகிறேன்.
சாவி ஜெனோவாவிடம்.
பியானோவுக்குள் பாச்சை உருண்டை வாசம்,
கச்சான் காற்று தின்ற கம்பிகள்,
அமுக்கினால் எழாமல் கிடக்கும் ஒரு கட்டை.
அந்த ஸ்வரத்தை மட்டும் வாயால் பாடிக்கொள்கிறேன்.

மசூர்கா என்று போட்டிருக்கிறது தாளில்.
போலந்தில் குதிகாலால் தரையை உதைத்து ஆடியது
யாரும் ஆடாத ஆட்டமாய் விரலுக்கு வந்துவிட்டது.
மூன்று எண்ணிக்கை. தகிட தகிட,
அவ்வளவுதானே என்று உட்கார்ந்தேன்.
முதல் எண்ணில் அழுத்தினால் வால்ட்ஸ் வருகிறது,
கல்யாண ஹாலில் கேக் வெட்டும்போது வருமே, அது.

அழுத்தம் மூன்றாவதில் விழ வேண்டும்.
சில இடத்தில் இரண்டாவதில்.
மெட்ரோனோம் வைத்துப் பார்த்தேன்,
ரயில்வே கேட் மாதிரி ஏறி இறங்கியது.

பிடிபட்டது ஆலையில், பேரேட்டில்.
திங்கள், புதன், சனி:
எங்கள் துறையில் விசைப்படகு போகும் நாள்கள்.
திங்களுக்கும் புதனுக்கும் நடுவே ஒரு நாள்,
புதனுக்கும் சனிக்கும் நடுவே இரண்டு.
சனிக்குத்தான் ஐஸ் அதிகம் போகும்.
வாரமே அந்தக் கடைசிக் காலில் சாய்ந்து நிற்கிறது,
விழாமல்.

இடக்கை ஸ-வும் ப-வுமாக ஒரே இடத்தில்,
நங்கூரம் போட்ட வள்ளம்.
வலக்கை ஏறுகையில் மத்திமம் கூர்மையாகிறது.
கல்யாணியோ என்று நினைப்பதற்குள்
சுத்த மத்திமத்துக்கு இறங்கி, இல்லை என்கிறது.

வரைபடத்தில் அந்த நாடு இல்லாத வருஷங்களில்
எழுதியது என்கிறது அட்டை.
நாடு போன பிறகும் கால் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.
இங்கே வரைபடத்தில் கோடு இருக்கிறது,
தண்ணீரில் தேடினால் கிடைக்காது.
பிலவேந்திரன் படகு அதைத் தாண்டியதாம்.
புதன் ராத்திரி காங்கேசன்துறைக்கு இழுத்துப் போனார்கள்.
பேரேட்டில் அவன் வரிசையில்
திங்கள் நாற்பது கட்டி, புதன் நாற்பது,
சனிக்கட்டத்தில் ஒன்றும் இல்லை.

இன்று வாசிக்கையில்
மூன்றாவது எண்ணில் விரலை எடுத்துவிட்டேன்.
அழுத்தம் அப்போதும் விழுந்தது.

தாளின் கடைசியில் முடிக்கிற குறி கிடையாது,
மேலே போ என்று மட்டும்.
வாசலில் அவன் மனைவி சாவிக்கொத்தோடு நிற்கிறாள்.
"இது எப்ப முடியும்?"
"எழுதினவர் போடலை."
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.
பெஞ்சு ஓரத்தில், கட்டைகளைப் பார்த்தபடி,
"திங்கக்கிழமைக்கு அவர் பேருக்கு
நாப்பது எழுதி வையி" என்றாள்.

மேலே போனேன்.