மதகுச் சாவி

கூட்டத்தைக் காலை பத்து மணிக்குப் போட்டிருந்தார்கள்.
பத்து மணிக்குத் தோட்டத்தில்
குலை விழுந்துகொண்டிருக்கும்.
ஆகவே சுங்கை மெராவான் பாலாய் ராயாவில்
நாற்பது நாற்காலி, பதினொரு பேர்.
அதில் மூவர் கூட்டம் நடத்த வந்தவர்கள்.
நான்காவது ஆள் நான்,
மொழிபெயர்க்க வந்தவள்,
அரை நாளுக்கு நூற்றைம்பது ரிங்கிட்.

புரொஜெக்டர் வெளிச்சத்தில்
பச்சை அம்பு, நீல அம்பு,
இருபது வருஷத்துக்கு அப்புறம் பெய்யப்போகும் மழை.
திரைக்குக் கீழே
டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு
சுவர் நெடுக ஓடியது,
சுவிட்சுப் பெட்டிக்கு ஒரு சாண் கீழே.
அதைப் பற்றி அம்புகள் எதுவும் சொல்லவில்லை.

"பிஹாக் பெர்க்கெபெந்திங்கான்" என்றார் புவான் ரொஹானா.
தமிழில் என்ன சொல்வது?
தொடர்புடையோர் என்றால் சுற்றறிக்கை வாடை.
அக்கறையுள்ளோர் என்றால் இரங்கல் கூட்டம்.
பங்குதாரர்கள், என்றேன்.

பின்வரிசையில் சிரிப்பு.
உதிரிப்பழம் பொறுக்கும் மரியபுஷ்பம்,
கையுறையைக்கூடக் கழற்றாமல்:
"பங்குதாரா, நானா?
அப்போ போன வருஷ லாபத்துல
என் பங்கு எங்கேம்மா?"

அதை நான் மலாயில் சொல்லவில்லை.
மகிழ்ச்சி தெரிவிக்கிறார், என்றேன்.
மீன்முள் மாதிரி
இன்னும் தொண்டையில் நிற்கிறது அது.

வரைபடத்தில் ஒட்ட வட்ட வட்டமாய் ஸ்டிக்கர் கொடுத்தார்கள்.
சிவப்பு ஆபத்து. மஞ்சள் கவலை. பச்சை நம்பிக்கை.
லயத்து வீடுகளைத் தேடினேன்.
அந்த இடத்தில் "மறுநடவு, பிளாக் 17".
அல்லூர் ஓரம் கங்கோங் போடும் ஆ கியோங்
ஒரு சிவப்பை ஒட்டிவிட்டு
இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.
கதவோரம் நின்ற ஷொஹிதுலுக்கு
எந்த நிறமும் கிடைக்கவில்லை.
அவன் காண்ட்ராக்டர் ஆள்; பட்டியலில் இல்லை.

அல்லூரில் சென்சார் வைப்போம்,
நீர் ஏறினால் கைப்பேசிக்குச் செய்தி வரும்.

மரியபுஷ்பம் எழுந்தாள்.
"வரட்டும். வந்து?
ஆத்து மதகுல பூட்டு தொங்குது.
சாவி ஆபீஸ்ல.
ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடும், அது மழைக்குத் தெரியுமா?
அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு
இந்தப் பையன்தான் வேலி ஏறிக் குதிச்சான்.
கல்லால அடிச்சான். பூட்டு அசையல.
கட்டிலுக்கு மேல கட்டிலப் போட்டு
புள்ளைங்கள உக்கார வச்சோம்.
பங்கு அப்புறம் இருக்கட்டும்.
சாவி யார்கிட்ட இருக்கணும்?
அதக் கேட்டுச் சொல்லு. முழுசாச் சொல்லு."

முழுசாகச் சொன்னேன்.
கல்லையும் சொன்னேன், கட்டிலையும் சொன்னேன்.
லாபத்தில் பங்கு கேட்டதையும்
தாமதமாகச் சேர்த்துக்கொண்டேன்.
ரொஹானாவின் பேனா நின்றது.
தோட்டத்துத் துணை நிர்வாகி
கைப்பேசியில் எதையோ தேடினார்.

வாசலில் நாசி லெமாக் பொட்டலம்,
பக்கத்தில் கையெழுத்துத் தாள்.
தலைப்பு: கருத்துக் கேட்கப்பட்டோர்.
மரியபுஷ்பம் பேனாவைத் தொடவில்லை.
"போட்டா சரின்னு சொன்னதா ஆயிடும்.
சோறு வீட்ல இருக்கு."

அடுத்த கூட்டம்
சம்பள நாள், சாயங்காலம் ஆறரை, மதகடியில்.
நேரம் அவர்கள் சொன்னது.
நாற்காலி இல்லை. முப்பத்தொரு பேர்.
ரொஹானா யாருடைய ரப்பர் பூட்ஸையோ மாட்டிக்கொண்டு
ஒவ்வோர் அடிக்கும் ஒரு தரம் கழன்று கழன்று வந்தார்.
கிராணி குணாளன் கொத்துச் சாவி கொண்டுவந்தார்.
இருபத்து மூன்று.
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தோம்.
பதினாறாவது நுழைந்தது. திரும்பவில்லை.
உள்ளே வருஷக்கணக்கான துரு.

ஷொஹிதுல் ஒன்றும் பேசாமல் போய்
வெட்டு மெஷினுக்கு ஊற்றும் எண்ணெயைக் கொண்டுவந்தான்.
கொசு பிடுங்கியது. யாரோ டார்ச் அடித்தார்கள்.
சாவி யாரிடம் என்பதில் சண்டை நடந்துகொண்டிருந்தது,
ஆ கியோங்கிடம் என்றார்கள் சிலர்,
இரண்டு சாவி என்றார்கள் சிலர்.

படிவத்தில் "முடிவுகள்" என்ற கட்டம்
நாலு விரல் அகலம்.
நான் எழுதினேன்:
எண்ணெய் விட்டிருக்கிறது.
ஊற வேண்டும்.